குளிருக்கு ஒரு ஜீப்

நவம்பர் 3, திங்கள். சிதம்பரம்

விடிந்ததிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி காயவில்லை. மூன்று நாளாக அதே வேட்டி. யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்றைய வேலை: பால் கார்டு. மோட்டார் ரூம் பூட்டுக்கு எண்ணெய். சேகருக்கு போன்.

மூன்றும் முடிந்தது. போன்தான் நீண்டுவிட்டது. சேகர், வனஜாவின் தம்பி. கடலூர் துறைமுகத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் மேனேஜர். பழைய டீசல் ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி, எங்கேயாவது விலைக்கு வருமா என்று கேட்டேன். 

"மாமா, பாண்டி பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைக்கலன்னா வீட்டுக்குத் திரும்பி வர்ற ஆளு நீங்க. ஒங்களுக்கு எதுக்கு ஜீப்பு?"

ஸ்பிதி என்றேன். இமயமலையில். தை மாதம், பனி கொட்டும்போது.

"தனியாவா போறீங்க?"

"பாப்பம்" என்று முடித்துக்கொண்டேன். இங்கே எழுதலாம், படிக்க ஆளில்லை. தனியாக இல்லை. வனஜாவைக் கூட்டிக்கொண்டு. அவளுக்கு இன்னும் தெரியாது.

மகள் வீட்டுக்கு, பெங்களூருக்கு, பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனவள். ஒரே மாதம் என்றாள். அது போன வருஷத்துக்கும் முந்தின வருஷம், மே மாதம், தார் உருகுகிற வெயில். பிறகு குழந்தை நடக்கட்டும் என்றார்கள். நடந்தது. பேசட்டும் என்றார்கள். இப்போது வாய் ஓய்வதில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்றாவது இருக்கும்.

வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாள். வீட்டில் என்ன இருக்கிறது, அதே அடுப்பு, அதே நான். வேறு எங்காவது கூப்பிட்டால் வரலாம். கல்யாணமான புதிதில் ஊட்டியில் புல்மேல் உறைபனியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாளே, இதைவிட ஜாஸ்தி பனி எங்கே இருக்கும் என்று. கூட்டிப்போகிறேன் என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ராத்திரிக்கு உப்புமா. மிச்சம்.


நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. பஸ்ஸில் கடலூர். ஜன்னல் சீட் கிடைத்தது என்பதைச் சேகரிடம் முதலில் சொன்னேன்.

தேவனாம்பட்டினத்தில் வெள்ளை ஜீப். கடலிலிருந்து படகை மணலில் இழுத்துப் போடுகிற வண்டி. சாவியைத் தொட்டதும் கிளம்பியது. நாலு சக்கரமும் ஈர மணலில் அலட்டிக்கொள்ளாமல் ஏறின. எனக்கு மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

கூட வந்த மெக்கானிக் ஞானம் வண்டிக்குக் கீழே படுத்தார். வண்டியின் அடிச்சட்டத்தை, சேஸை, ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். அது பாட்டுக்கு உள்ளே போனது. உப்புத்தண்ணீர் தின்ற இரும்பு.

வண்டிக்காரர் அசரவில்லை. "பெயிண்ட் அடிச்சா சரியாப்பூடும் சார்."

"பெயிண்ட்டு மேலதான் அண்ணே இப்ப வண்டியே நிக்கிது" என்றார் ஞானம்.

பார்க்க வேண்டியவை, என் கணக்கில்:
இன்ஜினில் கம்ப்யூட்டர் கூடாது. நடுக்காட்டில் நின்றால் ஸ்பேனரால் தீர வேண்டும்.
சேஸ் துரு இல்லாமல்.
டேங்க் பெரிதாக. அங்கே பங்க் தூரம்.
பக்கத்து சீட் நல்லதாக. வ.வுக்கு இடுப்புவலி.

சேகர் வீட்டில் மீன் குழம்பு. அவன் மனைவி தூக்கில் கொஞ்சம் கட்டிக் கொடுத்தாள். "அண்ணிகிட்ட பேசினீங்களா?" என்று கேட்டாள். நேற்று பேசினேன் என்றேன். பேசியது மகளிடம். வ. அப்போது குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எப்போது கூப்பிட்டாலும் அந்தக் குழந்தை குளித்துக்கொண்டேதான் இருக்கிறது.


நவம்பர் 9, ஞாயிறு

வெயில். சேத்தியாத்தோப்பு. ரைஸ் மில்காரர் ஒருவரின் பச்சை ஜீப். ஷெட்டில் நெல் உமிக்கு நடுவே நிற்கிறது. கோழி ஒன்று பானெட் மேல்.

ஞானம் படுத்தார், குத்தினார். ஸ்க்ரூடிரைவர் இறங்கவில்லை. எழுந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நாலு சக்கரத்தையும் சேர்க்கிற குட்டை லிவர் மட்டும் அசையவில்லை. ரோட்டில் மட்டும் ஓடிய வண்டி, அதைத் தொட்டவர் யாரும் இல்லை. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, கடைசியில் திட்டியதும் விழுந்தது. வெள்ளாற்றங்கரைச் சேற்றில் இறக்கினோம். முக்கியபடி ஏறி வந்தது. சேகர் விசில் அடித்தான், வயசு ஐம்பத்திரண்டு.

"பாதி சாவியில ஸ்டார்ட் ஆவும் சார்" என்றார் மில்காரர். ஆனது. சேகரைத் தெரியும் என்பதால், பதினைந்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில்தான் புத்தி வந்தது. காலேஜில் பிசிக்ஸ் லேபில் இத்தனை வருஷம் தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்தவன் நான். நம் ஊர் வெயிலில் இட்லி மாவே நாலு மணி நேரத்தில் பொங்குகிறது. எந்த டீசல் வண்டிதான் கிளம்பாது? குளிரில் கிளம்புமா என்று கடலூர் மாவட்டத்தில் எப்படிப் பார்ப்பது?

சேகரிடம் கேட்டேன். "மாமா, நான் எங்க வேல செய்யிறேன்?" என்றான்.


நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம், நல்ல காற்று. காலையிலேயே வண்டியோடு ஐஸ் பேக்டரி.

படகுக்குப் போகிற ஐஸ் பார்களை அரைத்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். இன்ஜினைச் சுற்றி, மேலே, அடியில், பேட்டரி பக்கத்தில், எங்கும் சாக்கு. அதற்கு மேல் தார்ப்பாய். லோடு ஏற்ற வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"இன்னா சார், வண்டிய மார்க்கெட்டுக்கு அனுப்புறீங்களா?"

"கெட்டுப் போவாம இருக்கத்தான்" என்றான் சேகர்.

மதியம் வரை அப்படியே. லேப் தெர்மாமீட்டர் நாலு டிகிரிக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றது. ஸ்பிதியில் காலையில் மைனஸ் இருபது என்கிறார்கள். சரி, நாலாவது ஆகட்டும். சாவியைத் திருகினேன். உறுமியது. இருமியது. வெள்ளைப் புகை. மறுபடி. மறுபடி. கடைசியில் பேட்டரி செத்தது. கூடியிருந்தவர்கள் எனக்காக வருத்தப்பட்டது தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஞானம் ஐஸ் சாக்கை விலக்கிப் பார்த்தார். ஹீட்டர் பிளக்குக்கு ஒயரே இல்லை. குளிரில் இன்ஜினுக்குள்ளே முதலில் சூடு கொடுப்பது அதுதான். அடுத்து தெர்மோஸ்டாட் வால்வைத் தேடினார். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற வால்வு. அதுவும் இல்லை. கேபினுக்குள் சூடான காற்று வர வேண்டிய குழாயை அறுத்து போல்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

"யாரு செஞ்சது?"

ஞானம் தலையைச் சொறிந்தார். "யாரா இருந்தாலும் இததான் சார் செய்வாங்க. நானே எத்தினி வண்டில கழட்டிப் போட்டிருக்கேன். நம்ம வெயிலுக்கு வண்டி கொதிக்காம இருந்தாப் போதும்னு பாக்குறதுதான். குளுருக்கு யாரு சார் வண்டி கேக்குறாங்க இங்க?"

நியாயம்தான். குளிர் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன ஊர்.

சாயங்காலம் மகள் வீடியோ அனுப்பினாள். குழந்தைகள் தினம், பேத்தி சட்டையில் ரோஜா. பின்னால் வ.வின் குரல்: "பூவப் பிக்காத, கைய எடு." அவ்வளவுதான். அதற்காகவே பலமுறை போட்டுக் கேட்டேன். பேத்தியைச் சரியாகப் பார்க்கவே இல்லை.


நவம்பர் 18, செவ்வாய்

மழை. ஞானத்தின் ஷெட்டில் நாள் முழுவதும். ஹீட்டர் பிளக் புதிது. வால்வு பாண்டியிலிருந்து வந்தது. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை எடுத்துவிட்டு உறையாத கூலன்ட். கேபின் ஹீட்டருக்குக் குழாய் மாட்டினார். உள்ளே எலி ஒன்று வளையல் துண்டைக் கொண்டு வைத்திருந்தது, பச்சைக் கண்ணாடி.

"சார், அந்தப் பக்கத்து சீட்ட எடுத்துடலாமா? பலகை போட்டா காலு நீட்டிப் படுத்துக்கலாம். டீசல் கேனும் வைக்கலாம். தனியாத்தான போறீங்க?"

"சீட் இருக்கட்டும்."

"எடம் ஜாஸ்தி கெடைக்கும் சார்."

"இருக்கட்டும்னு சொன்னேன்ல."

குரல் உயர்ந்துவிட்டது. ஞானம் வெளியே போனார். டீ வாங்கி வந்து கொடுத்தார். மன்னிப்பு கேட்டிருக்கலாம். டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் பூட்டைத் திறக்கும்போது வழக்கம்போல "வந்துட்டேன்" என்று வாய்க்கு வந்தது. விட்டுவிட வேண்டிய பழக்கம்.


நவம்பர் 20, வியாழன்

மறுபடி ஐஸ். அதே சாக்கு, அதே கூட்டம், இன்னும் ஜாஸ்தி. தெர்மாமீட்டர் இன்றைக்கு மூன்று.

ஹீட்டர் பிளக்குக்குக் கொஞ்சம் நேரம் விட்டேன். சாவி. ஒரு இருமல். இரண்டு. பிடித்துக்கொண்டது! கை தட்டினார்கள். மீன் கூடையோடு வந்த அம்மா ஒருத்தி குலவை போட்டாள்.

கேபின் ஹீட்டரையும் போட்டுப் பார்த்தேன். வெளியே கடலூர்ப் புழுக்கம், உள்ளே சூடான காற்று. சட்டை நனைந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டிலும் கையை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கமும் நன்றாகச் சூடு வருகிறது. ரெக்சின் வெதுவெதுப்பாக, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

சந்தோஷம். பொய் சொல்லவில்லை, ரொம்ப நாளுக்கப்புறம் சந்தோஷம். மில்காரரிடம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வ.விடம் சொல்ல வேண்டும். குழந்தை குளிக்காத நேரமாகப் பார்த்து.


நவம்பர் 23, ஞாயிறு. சிதம்பரம்

வெயில், சுள்ளென்று. ஜீப் வாசலில். எதிர்வீட்டம்மா, யாருக்குங்க வண்டி என்று கேட்டார். எங்களுக்கு என்றேன்.

பத்து மணிக்கு போன். வ.வே எடுத்தாள். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் வராது. எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், வால்வு, மீன்கார அம்மாவின் குலவை. சிரித்தாள். சிரிப்பு மாறவே இல்லை.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நீதான கேட்ட. ஊட்டில. இதவிட ஜாஸ்தி பனி எங்க இருக்கும்னு."

"நானா? அது நீங்க கேட்டதுங்க. எனக்கு அன்னிக்கு வெரலெல்லாம் மரத்துப் போச்சு. ரூமுக்குப் போலாம்னுதான் சொன்னேன்."

அப்படியா. இருக்கலாம். கேட்டது நானாகவே இருக்கலாம்.

"வண்டில ஹீட்டர் இருக்கு. ஒன் பக்கமும் வருது. பத்து நாளு. வர்றியா?"

 அங்கே குக்கர் சத்தம்.

"புள்ளய யாரு பாத்துக்குவா? நீங்க போயிட்டு வாங்க. ஜாக்கிரத. ஒங்க ஸ்வெட்டரு பீரோவுல மேல் தட்டுல இருக்கு. பாச்சை உருண்டை போட்டு வச்சிருக்கேன், ஒதறிட்டுப் போடுங்க."

சரி என்றேன். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

மனசு கேட்கவில்லை. இன்றைக்கு மாட்டேன் என்பவள் தைக்குள் மாறலாம். இரண்டு ஸ்வெட்டரையும் வெயிலில் போட்டு வைப்போம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். ஊட்டியில் ஒரே கடையில் வாங்கியவை, எனக்குக் கறுப்பு, அவளுக்கு மெரூன். ஒரே பிளாஸ்டிக் பையில்தான் எப்போதும் மடித்து வைப்பாள். மார்கழிக் காலையில் கோலம் போடும்போது போட்டுக்கொள்வாள். மற்ற நாளில் தொடமாட்டாள்.

பை இருந்தது. பாச்சை உருண்டை இருந்தது. என் கறுப்பு மட்டும் இருந்தது.

பீரோ முழுவதும் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பெட்டியிலும் பார்த்தேன். மெரூன் எங்கும் இல்லை.

மே மாத வெயிலில் போனவள். ஒரே மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள்.