ஏழாம் நம்பர் ஜெபக்குறிப்பு

திங்கட்கிழமை, முற்பகல்

அன்பு மகளுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் மாப்பிள்ளையோடும் இருக்கட்டும். அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். நீ சுகம் என்பதை உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். வாய்வழியாக எனக்கு ஒரு செய்தியும் வருவதில்லை. நீ போன் பண்ணினால் அவள் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போதாததற்குக் குழாயை வேறு திறந்துவிடுகிறாள். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், நான் ஒட்டுக்கேட்கிறவன் என்று முடிவு கட்டிவிட்டாள். வெளியே வந்ததும் என்னவாம் என்று கேட்டேன். "நல்லா இருக்கா" என்றாள். வேறே என்றேன். "வேற சொன்னா ஞாயித்துக்கிழமை மைக்குல வந்துடும்" என்றாள்.

எனக்கு இது வேண்டியதுதான். ஆனாலும் கோபம் வருகிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இது நான்காவது கடிதம். முந்தின மூன்றுக்கும் பதில் இல்லை. மூன்றிலும் நான் நியாயம் பேசியிருப்பேன், அதனால்தான் நீ பதில் போடவில்லை என்கிறாள் உன் அம்மா. நான் அவளிடம் படிக்கவே கொடுக்கவில்லையே, எப்படித் தெரியும் என்றேன். "உங்களைத் தெரியாதா எனக்கு?" என்கிறாள். இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் வாராவாரம் குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் தயாரிக்கிறேன்.

சபைச் செய்தியைக் கேட்க உனக்கு விருப்பமிருக்காது. இருந்தாலும் புலம்புவதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை. பாடகர் குழுவில் இரண்டு நாத்தனார்களும் நடு மைக்குக்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். பாட்டு மட்டும் சேர்ந்து பாடுகிறார்கள், அதுவும் அன்பைப் பற்றிய பாட்டு. அந்த நடு மைக்கோ சரித்துப் பிடித்தால்தான் வேலை செய்யும். புதிதாக வந்த ஒருவர் நேற்று என்னைத் தெருவில் நிறுத்தித் தன் ஸ்கூட்டருக்கு ஜெபம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். பிரேக் பிடிக்கவில்லையாம். மெக்கானிக்கிடம் போங்கள் என்று ஆமென் சொன்ன பிறகு சொன்னேன், அவருக்கு வருத்தம்.

இப்படி ஒவ்வொரு நாளும் ஊரார் பாரம் சுமக்கிறவனிடம் சொந்தப் பிள்ளை ஐந்து மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் என்ன கொலையா பண்ணிவிட்டேன்?

அன்று சனிக்கிழமை நீதான் போன் பண்ணினாய். குழந்தை தங்கவில்லை என்று சொன்னாய். உன் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. போனை வைக்கும்போது "எனக்காக ஜெபம் பண்ணுங்கப்பா" என்றாய். நீ அப்படிச் சொன்னது உண்மையா இல்லையா? நானும் பண்ணினேன். எனக்குத் தெரிந்த முறையில், மறுநாள் காலை ஆராதனையில், இருநூறு பேரை எழுந்து நிற்கவைத்து, கண்ணீரோடு பண்ணினேன். சபை முழுவதும் உனக்காக அழுதது. அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் நம் சபைத் தையல்கார அக்காவின் உறவுக்காரி வழியாகச் செய்தி உங்கள் ஊருக்குப் போய், நீயும் மாப்பிள்ளையும் இன்னும் விஷயத்தைச் சொல்லியிராத உன் மாமியார் காதில் விழும் என்று நான் கண்டேனா? மூன்று பேர் போன் பண்ணி உன்னைத் தேற்றினார்களாம். அதில் ஒருத்தி, நீ அலைந்து திரிந்து வேலை பார்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்றாளாம். அதற்கும் நான்தான் பொறுப்பா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். தட்டிவிட்டு அதைப் படிப்பார்கள்.

வியாழக்கிழமை

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உன் அம்மா சொன்னது சரிதான், நியாயம்தான் பேசியிருக்கிறேன். கிழித்துப்போடலாம் என்று கையை வைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். திங்கட்கிழமை நான் எப்படி இருந்தேன் என்பதும் உனக்குத் தெரியட்டும்.

நேற்றுக் காலை மூக்குக்கண்ணாடி தேடிப் படுக்கையறைக்குப் போனேன். உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். பித்தான் தைக்கச் சொன்னால் சட்டையையும் கைவிரலையும் சேர்த்துத் தைக்கிறவள் அவள். அறுந்த கொக்கிக்குக்கூடத் தையல்கார அக்காவிடம் ஓடுகிறவள். என்னைக் கண்டதும் சட்டென்று தலையணைக்கடியில் தள்ளினாள். என்ன அது என்றேன். "மிக்ஸிக்கு உறை" என்றாள்.

பாதி வெளியே தெரிந்தது. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. இரண்டு சின்னக் கை வைத்த மிக்ஸி உறையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு, சபைக் கட்டடத்தின் பின்பக்கம் அங்கி மாட்டும் அறைக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். உடைந்த மைக் ஸ்டாண்டுகளுக்கும் பழைய பாட்டுப் புத்தகக் கட்டுகளுக்கும் நடுவில் முழங்காலில் நின்றேன். வார்த்தை வரவில்லை. வார்த்தைதானே எனக்குத் தொழில், ஒன்றுகூட வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது, எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போயிருந்தது.

அம்மாவைத் திட்டாதே. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மிக்ஸி உறை என்றாள், நானும் மிக்ஸி உறை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாலை ஜெபக்கூட்டம். நம் செயலாளர், கணக்கு வாத்தியார், ஜெபக்குறிப்பு நோட்டைத் திறந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் அவருக்குக் கட்டம் போடாமல் எதையும் எழுதத் தெரியாது. எண், தேதி, குறிப்பு, பதில் என்று நான்கு கட்டம். பதில் வந்தால் சம்பந்தப்பட்டவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், அவர் அந்தக் குறிப்பை அடித்துவிட்டுத் தேதி போடுவார். பதில் வராதவரைக்கும் வாராவாரம் சத்தமாக வாசிப்பார். இந்த முறையை ஏற்படுத்தியது நான்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"ஏழு. போதகர் மகள். குழந்தையை இழந்த துக்கம். ஆறுதல்" என்று வாசித்தார். இருபத்தோரு வாரமாக வாசிக்கிறார். இருபது வாரமும் நான் கண்ணை மூடி ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் அது என் காதில் விழுந்தது. பெயரைக்கூடப் போடாமல், ஒருவரின் முழங்கால் வலிக்கும் இன்னொருவரின் வீட்டு மனைத் தகராறுக்கும் நடுவில், என் பிள்ளையின் துக்கம் ஒரு நம்பராக இருந்தது.

அதை அடித்துவிடுங்கள் என்றேன். வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. "பதில் வந்துடுச்சா ஐயா? சாட்சி சொல்லுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தையல்கார அக்கா கைதட்டத் தயாராகிவிட்டாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வந்துவிட்டது என்று கூரை கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது, மகளே. சாட்சி ஒன்றும் இல்லை, அடியுங்கள் என்றேன். "அப்ப பதில் வரலையா?" என்றார். அதையும் நான் சொல்லவில்லை என்றேன். "ரெண்டுல ஒண்ணு இருக்கணுமே ஐயா, பதில் கட்டத்துல என்னன்னு எழுதறது?" என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நானே நோட்டை வாங்கி அடித்தேன். கொஞ்சம் பலமாக அடித்துவிட்டேன். தாள் கிழிந்து, எட்டாம் நம்பர்காரரின் முழங்கால் வலியும் பாதி போய்விட்டது. வாத்தியார் அதை ஒட்டுவதற்குப் பசை தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

இந்த மூன்று நாளில் நடந்ததைக் கேள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நான் ஒரு பிடி அவல் கொடுத்துவிட்டேன். பதிலும் வரவில்லை, குறிப்பையும் அடித்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? வெள்ளிக்கிழமை தையல்கார அக்கா பழத்தோடு வீட்டுக்கு வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "மாப்பிள்ளை தனியா போயிட்டாராமே, பாஸ்டரம்மா?" என்று உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை அது, நீ விசுவாசத்தையே விட்டுவிட்டாய் என்று மாறியிருந்தது. மத்தியானம் வாத்தியார் வந்தார். பாவம், நல்ல மனுஷன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "கமிட்டியில கேக்கறாங்க ஐயா. தன் வீட்டையே நடத்த முடியாதவர் சபையை எப்படி நடத்துவார்னு ஒருத்தர் சொல்லிட்டார். நாளைக்கு ஒரே ஒரு வரி விளக்கம் சொல்லிடுங்க, எல்லார் வாயும் அடைஞ்சிடும்" என்றார்.

ஒரே ஒரு வரி. அந்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. என் ஆயுசில் இவ்வளவு சந்தோஷமான வரி எனக்குக் கிடைத்ததில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. உன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் செய்ததற்கு மன்னிப்பு மட்டும் கேட்கலாம் என்று உட்கார்ந்து எழுதினேன். அருமையாக வந்தது. நீ பத்து வயதில் எடுத்து வந்த பக்கத்துப் பிள்ளையின் பென்சிலிலிருந்து ஆரம்பித்தேன். அதை வைத்து நான் எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்! பெயிலான பரீட்சை, வீட்டை விட்டுப் போகிறேன் என்று நீ பை கட்டியது, எல்லாவற்றையும் நான் மேடையில் விற்றதைச் சொல்லி, கடைசியில் சபையார் முன்னால் தலை குனிவதாக முடித்தேன். இரண்டு இடத்தில் நிச்சயம் ஜனங்கள் அழுவார்கள். திருத்தி எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. இதிலும் நீதான் உதாரணம். உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இருநூறு பேரிடம் கேட்டு, தாழ்மையுள்ள போதகர் என்று நல்ல பேர் வாங்கப் பார்த்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. கிழித்துப்போட்டேன்.

யோசித்துப்பார்த்தால், எண்பது குடும்பத்து ரகசியம் என் நெஞ்சில் இருக்கிறது. யார் யாரை அடிக்கிறார், யார் வீட்டில் யார் குடிக்கிறார், ஒன்றும் வெளியே போனதில்லை. உன் விஷயம் மட்டும் என் சொத்து என்று நினைத்துவிட்டேன். ஆண்டவர் எத்தனை பேரைச் சுகமாக்கிவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்று அனுப்பியிருக்கிறார். வேதத்தில் அந்தப் பகுதி வரும்போதெல்லாம், அவ்வளவு சந்தோஷத்தை மூடிவைக்க முடியுமா என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கடந்துவிடுவேன். சொல்லாதே என்று அவர் நிஜமாகவே சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்று காலை அறிவிப்புகள் வாசித்தேன். பாடகர் குழு பயிற்சி வெள்ளிக்கிழமை, வாகனங்களை வாசலை மறித்து நிறுத்த வேண்டாம், அவ்வளவுதான். வாத்தியார் முதல் வரிசையிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன், உதாரணமே இல்லாமல். ரொம்ப வறட்சியாக இருந்தது, உன் அம்மாவே கொட்டாவி விட்டாள். முடிந்ததும் வாசலில் கை கொடுக்க நின்றேன். ஏழெட்டுக் குடும்பம் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டது. போகட்டும். வலிக்காமல் இல்லை, ஆனால் நீ அன்று பட்டதில் இது ஒரு துளிகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள், "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லி அவங்க வாயை அடைச்சிருக்கலாமே?" எனக்கு என்ன தெரியும் சொல்வதற்கு என்றேன். என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். ஐந்து மாதமாயிற்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்து.

மகளே, நான் உன்னை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. நீ என்னிடம் ஜெபம் கேட்டாய், நான் உன்னைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையது. 'ஆனால்', 'என்றாலும்' என்று இதற்குப் பின்னால் நான் ஒன்றும் சேர்க்கப்போவதில்லை.

இனி சபையார் எதை வேண்டுமானாலும் பேசட்டும், கமிட்டி எதை வேண்டுமானாலும் தீர்மானிக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். உனக்கு நான் செய்கிற வேண்டுதல் எந்த நோட்டிலும் இருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு, கனமானது எதையும் தூக்காதே. எந்தத் தகப்பனும் எந்த மகளுக்கும் எழுதுவதுதான் இது, வேறு அர்த்தம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வாழ்க்கையில் என்றைக்காவது நல்லதாக ஒன்று நடந்தால், என்னிடம் முதலில் சொல்ல வேண்டாம். உன் மாமியாரிடம் சொல், சிநேகிதிகளிடம் சொல், ஆபீசில் எல்லாரிடமும் சொல். தையல்கார அக்காவுக்குத் தெரிந்து, வாத்தியாருக்கும் தெரிந்து, உலகத்தில் மிச்சமிருக்கிற கடைசி ஆளாக எனக்குச் சொன்னால் போதும். அப்போதுதான் கேள்விப்படுகிறவனாக நான் சந்தோஷப்படுவேன். ஆனால் அதை உன் வாயால் சொல்லம்மா.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா