இறுக்கிக் கட்டினால் நிற்காது

பலாங்கொடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிரோஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பச்சைப் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடுதாசிக் கிறுக்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், பக்கத்துக் காம்பராவில் தங்கம்மாக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுப்பாள். இது அவர்கள் கேட்கிற சங்கதி இல்லை. நம்ம தோட்டத்துக் கிருஷ்ணராஜ் லீவு முடிந்து உங்கள் கட்டாருக்குத் திரும்புகிறான், பார்சலோடு இதையும் அவன் கையில் கொடுக்கிறேன். நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறேன், ஒட்டுப் பிரிந்திருந்தால் சொல்லு, அவன் அம்மாவிடம் போய் நான் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நீ மெதுவாகச் சொன்னாயே, பிள்ளை பெத்ததுல இருந்து கீழ ஏதோ இறங்கி வர்ற மாதிரி கனமா இருக்கும்மா, இருமுனா ஒண்ணுக்குச் சொட்டுது என்று. உன் மாமியார் எம்பிலிப்பிட்டியவிலிருந்து போன் எடுத்து வயிற்றை நல்லா இறுக்கிக் கட்டச் சொன்னார்கள், அதற்கு ஒரு பழைய சேலை அனுப்பு என்றும் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அப்பா வந்து போனை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகள். ஏனென்றால் எனக்கும் அதேதான்.

உன் தம்பி பிறந்து உடம்பு தேறுவதற்குள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டேன், அப்போதே ஆரம்பித்தது. கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் கீழே ஒரு உருண்டை தட்டுப்படும், படுத்தால் உள்ளே போய்விடும். யாரிடம் சொல்ல? என் புத்திக்கு எட்டினது, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குத் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினால் விழாமல் தாங்கும் என்று. காலையில் ஒரு சுற்று, வலித்தால் தேயிலை நிரைக்கு நடுவே நின்று இன்னும் ஒரு இழுப்பு. மலையில் கக்கூஸ் ஏது, அதனால் தண்ணீரும் குடிக்க மாட்டேன், அப்புறம் வெளிக்குப் போக முக்குவேன், முக்கினால் இன்னும் இறங்கும். கோயிலில் முழங்கால் போட முடியவில்லை. அப்பாவிடம்கூட விலகியே படுத்தேன், அவருக்கு நான் ஏதோ கோபமாக இருக்கிறேன் என்று நினைப்பு. அலுத்துப்போச்சு பிள்ளை, ஒரு உடம்பை இத்தனை வருஷம் ஒளித்து வைக்கிறது லேசா?

இந்த வருஷம்தான் மிட்வைஃப் மிஸ் பிடித்துவிட்டாள். பிரஷர் பார்க்கப் போனேன், நான் ஒருக்களித்து உட்கார்ந்ததைப் பார்த்து உள்ளே கூப்பிட்டாள். இடுப்பில் படங்கு அறுத்த தழும்பைக் கண்டு தலையில் கை வைத்தாள். அக்கே, கொழுந்துச் சாக்கை நடுவுல கயிறு போட்டு இறுக்குனா கொழுந்து மேலயா போகும், கீழதானே பிதுங்கும் என்று சிங்களத்தில் கேட்டாள். சாக்கோடு சாக்காகக் கிடந்த எனக்கு இது தோன்றவில்லை பார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கர்ப்பப்பை இறக்கமாம், தாங்குகிற தசை தளர்ந்துபோனதாம். டாக்டரம்மா ரப்பர் மாதிரி மெத்தென்ற வளையம் ஒன்று உள்ளே வைத்துவிட்டார், தவறாமல் கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டும், அதுவும் தாங்காவிட்டால்தான் ஒப்பரேஷன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் பீலித் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கி வந்தார். லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் பார்த்தன. தங்கம்மாக்கா சிரித்தாள், சிரிக்கட்டும். கங்காணிதான் பாரம் தூக்காத வேலை கேட்டால் பாப்பம் பாப்பம் என்கிறார்.

ஒரு பயிற்சி சொல்லித் தந்தார்கள், நீயும் செய்யலாமா என்று உன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்காமல், அப்புறம் முழுசாக விட வேண்டும். மூத்திரம் போகும்போது மட்டும் செய்யக் கூடாது. இருமல் வந்தால் முதலில் ஒரு பிடி பிடித்துக்கொள். நான் பூசையில்கூடச் செய்கிறேன், ஃபாதர் பிரசங்கத்தை நீட்டினால் எனக்கு லாபம். உனக்கு இப்போதுதான் ஆரம்பம், பிள்ளை பெற்ற புதிதில் நிறையப் பேருக்கு இப்படி இருக்குமாம், கவனித்தால் அநேகமாகத் தேறிவிடுமாம். அதனால் போய்க் காட்டு மகள், என்னை மாதிரி ஒளிக்காதே. மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்து சொல்லு, கனமான தண்ணீர்ப் போத்தலை அவர் தூக்கட்டும். நீ தண்ணீர் நன்றாகக் குடி, உனக்குத்தான் வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறதே. உன் விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மாமி கேட்டால் கட்டுகிறேன் மாமி என்று சொல்லிவிட்டுச் சும்மா இரு, சண்டை வேண்டாம்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும். மறக்காதே, முதலில் டாக்டர், அப்புறம்தான் எனக்குப் போன். நீ கேட்ட சேலை பார்சலில் மிளகாய்த்தூளுக்குக் கீழே இருக்கிறது, நீ கைப்பிள்ளையாக ஆடின அதே நீலச் சேலை. அது உன் வயிற்றுக்கு இல்லை. மாப்பிள்ளையை விட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டச் சொல்லு. அந்த முடிச்சை மட்டும் நல்லா இறுக்கிக் கட்டட்டும்.

உன் அம்மா
கிறேஸ் அருமைநாயகம்