ராஜாவின் கழுத்தில் கட்டிய பட்டுக்கயிறு

நான் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் திட்டிக்கொண்டே சோறு போட்ட என் திலகா அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தை மாதம் போனாய். இப்போது ஆடி. ஆவணி முகூர்த்தச் சேலைகளுக்காக விடிந்ததும் தெரு முழுக்கத் தறிச் சத்தம். எல்லோருக்கும் அவசரம். எனக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. கல்லூரியில் ஆளைக் குறைத்தபோது முதலில் என்னைத்தான் குறைத்தார்கள். அதை மறந்துவிடு என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் இன்னும் மறக்கவில்லை.

நீ போன மறுநாள் தெருமுனையில் உனக்குக் கண்ணீர் அஞ்சலிப் பேனர் வைத்தார்கள். உன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் படம். கண்ணை மறைக்கும் அளவுக்கு முடி வைத்த வெளிநாட்டு நாய். உன் ஆயுளில் அப்படி ஒரு நாயை நீ தொட்டதுகூட இல்லை. கீழே இருந்த பெயர்களில் முதல் பெயர் பக்கத்து வீட்டு ஏகாம்பரத்துடையது. உன் நாய்களைப் பிடித்துப் போகச் சொல்லி மாநகராட்சிக்குக் கொடுத்த மனுவிலும் முதல் கையெழுத்து அவனுடையதுதான்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்குமா? தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு அவன் நீட்டிக் கட்டியிருந்தான். பூனையைத் துரத்திய நாயொன்று அதற்குள் புகுந்து இழைகளை அறுத்துவிட்டது. நீ உட்கார்ந்து, பொழுது சாயும்வரை ஒவ்வோர் இழையாகப் பிணைத்துக் கொடுத்தாய். பாவு பிணைப்பதுதானே உன் தொழில். கூலியும் வாங்கவில்லை. அவன் மறுநாளே மனுவில் கையெழுத்துப் போட்டான். "வுட்றா தம்பி, அவனுக்கு நூல் போன எரிச்சல்" என்றாய். நீ விட்டுவிட்டாய். நான் அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை.

நீ விட்டுப்போன நாய்களுக்கு இப்போது நான்தான் சோறு வைக்கிறேன். என்னைக் கேட்டா விட்டுப்போனாய்? பாசத்தோடு வைக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். குக்கர் நிறைய அரிசி வேகவைத்து, உப்பில்லாமல் பிசைந்து, தெருக்கோடியில் யார் வாசலும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, தின்று முடித்ததும் இடத்தைக் கூட்டிவிட்டு வருகிறேன். நீ வைத்த சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் மாற்றுகிறேன். சித்திரை வெயிலில் அந்தத் தொட்டிக்கு மாடும் காக்கையும்கூட வந்தன. தினமும் இதே வேலை. உனக்கு எப்படி அலுக்காமல் இருந்தது?

ஒரு செய்தி. நீ படுக்கையில் இருந்தபோது யாரோ ஒரு பெட்டை நாயைக் கொண்டுவந்து நம் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். மாசியில் அது குட்டி போட்டது. நீ நடமாடிக்கொண்டிருந்தால் அதைக் கருத்தடைக்கு அனுப்பியிருப்பாய். ஒரு குட்டிதான் பிழைத்தது. அது ஏகாம்பரத்தின் வாசலில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் அதற்கு ராஜா என்று பெயர் வைத்தான். கழுத்தில் ஒரு கயிறும் கட்டினான்.

நீ கட்டுவாயே, அதே கயிறு. பிணைத்தபின் மிஞ்சும் பட்டு நூலைச் சேர்த்துப் பின்னி, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட நாய்களின் கழுத்தில் நீ கட்டினாய். கயிற்றைப் பார்த்தால் ஊசி போட்ட நாய் என்று தெருப் பிள்ளைகளுக்கும் தெரியும். நீ போனபிறகு இந்தத் தெருக்காரர்களுக்கு உன்மேல் திடீர் அன்பு. ஆளாளுக்குக் கயிறு பின்னி, கண்ணில் பட்ட நாய்க்கெல்லாம் கட்டினார்கள். ஊசி போட்டதா, யாரும் கேட்கவில்லை. நீ வாரம் தவறாமல் ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, முடிச்சைத் தளர்த்திக் கட்டியதையும் யாரும் பார்க்கவில்லை.

போன மாதம் ஒருநாள் காலை தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தேன். அழுகல் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று தேடினேன். ராஜா தொட்டிக்கு அடியில் படுத்திருந்தது. முகம் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. கழுத்தில் கயிற்றைக் காணவில்லை. கயிறு இருந்த இடத்தில் சுற்றிலும் ஒரு பிளவு. கையால் முடியை விலக்கினேன். உள்ளே, தசைக்குள், அரக்கு நிறத்தில் பட்டு தெரிந்தது. புழு நெளிந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு ஏகாம்பரத்தின் வாசலில் போய் நின்றேன்.

"இன்னா கட்டின அதுக்கு?"

தறியை விட்டு எழுந்து வந்தான். நான் பேசியதே அவனுக்கு அதிர்ச்சி. "அக்கா கட்டுவாங்க இல்லபா, அதே மாதிரிதான். நல்ல நூலுபா. முகூர்த்தச் சேலைக்கு வெச்ச நூலு."

"எப்பக் கட்டின?"

"சித்திரையில."

"அப்ப அது கையளவு இருந்துது. இப்ப எவ்ளோ இருக்குது பாரு. கழுத்து அப்பிடியேவா இருக்கும்?"

அவன் குனிந்து பார்த்தான். அவன் மனைவி பின்னாலிருந்து சொன்னாள்: "மூஞ்சி உப்பிக்கினே வந்துதுண்ணா. நல்லாத் துன்னு கொழுக்குதுன்னு இவரு பெருமையாச் சொல்லிக்கினு இருந்தாரு. வரவங்க கிட்டல்லாம், பாரு எங்க ராஜா கன்னத்தன்னு காட்டுவாரு."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, அக்கா. மனுவிலிருந்து தொடங்கியிருப்பேன். குட்டிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

என் பழைய வேட்டியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். "சார், சீட்டு இப்பதான் மாத்துனேன்" என்றார் ஓட்டுநர். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "உங்க மடிக்கு ஒண்ணும் இல்ல சார், எனக்கு மூக்கு இருக்குதே" என்றார். ஆனாலும் வண்டியை எடுத்தார். பார்த்தால் ஏகாம்பரம் லுங்கியோடு ஓடிவந்து முன்சீட்டு ஓரத்தில் தொற்றிக்கொள்கிறான். இறங்கு என்று சொல்ல வாய் வரை வந்தது.

கால்நடை மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் இருந்தார், இளவயது. மயக்க ஊசி போட்டு, கத்தரியின் நுனியை உள்ளே விட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். "சணல் கயிறா இருந்தா எப்பவோ இத்து விழுந்திருக்கும் சார். இது பட்டு. இதுக்கு மேல விட்டிருந்தா மூச்சுக்குழாய்தான்" என்றார். பிறகு முடிச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாசமாத்தான் கட்டியிருக்காங்க, என்ன அழகான முடிச்சு" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார். ஏகாம்பரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்கு வந்திருக்கும்.

ராஜா பிழைக்குமா என்று டாக்டராலும் அன்று சொல்ல முடியவில்லை. நம் வீட்டு நடையில் சாக்குப் போட்டுப் படுக்க வைத்தேன். புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். சிரிஞ்சில் பால் ஊற்றினால் வாயோரம் வழிந்தது. பிறகு மெல்ல விழுங்கத் தொடங்கியது. ஏகாம்பரம் தினமும் தறியை நிறுத்திவிட்டு வந்து படியில் உட்காருவான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. அவனும் வரவில்லை.

அதன் பிறகு இரண்டு காரியம் செய்தேன். வீடு வீடாகப் போய், குட்டிகள் கழுத்தில் இருந்த கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். வளரும் குட்டிக்கு எதையும் கட்டாதீர்கள், பெரிய நாய்க்குக் கட்டினால் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், வாராவாரம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "வாத்தியார் வந்துட்டாரு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவிழ்க்க விட்டார்கள்.

ராஜாவின் தாயைக் கருத்தடைக்குக் கொடுத்தேன். கருத்தடை செய்த அடையாளமாகக் காதில் சின்ன வெட்டோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். "இதத் தென்னேரி ஏரிக்கரையில வுட்டிருக்கலாமே சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்கே பிடித்தார்களோ அங்கேயேதான் விட வேண்டும், சட்டமே அதுதான் என்றேன். அது அங்கே போனால் அங்கிருக்கும் நாய்கள் கடித்துக் குதறும்; இங்கே காலியான இடத்துக்கு ஊசியும் போடாத, கருத்தடையும் செய்யாத வேறொன்று வந்து நிற்கும். நீ சலிக்காமல் சொன்ன பதில்தான் அக்கா. என் வாயில் கசப்பாக வந்தது.

ராஜா இப்போது நடக்கிறது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வளையம் இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும் என்கிறார் டாக்டர். புண் ஆறியதும் நடைக் கதவைத் திறந்துவிட்டேன். என் மடியில் கிடந்த குட்டி, என் கையால் பால் குடித்த குட்டி, நேராக எங்கே போனது தெரியுமா? ஏகாம்பரத்தின் வாசலுக்கு. வாலை ஆட்டிக்கொண்டு அவன் காலடியில் படுத்தது. கழுத்தில் கட்டியவன் அவன் என்று அதற்குத் தெரியாதா, தெரிந்தும் போனதா? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அதற்கு ஒரு வாசல் கிடைத்திருக்கிறது. இந்த ஊரில் எத்தனை நாய்க்கு அது கிடைக்கிறது?

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். ஏகாம்பரத்தை மன்னித்துவிட்டேன் என்று நீ நினைக்காதே. அது என்னால் ஆகாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் அவன் வாசலுக்குப் போவேன். ராஜாவின் வடு சரியாக இருக்கிறதா, மறுபடி யாராவது எதையாவது கட்டியிருக்கிறார்களா என்று கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். அவன் காபி கொண்டுவருவான். போன வாரமும் கொண்டுவந்தான். குடிக்க மாட்டேன். கழுத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். என் உடம்பு நடக்கிறவரை இது நடக்கும்.

இப்படிக்கு,
நீ கேட்காமலே வேலை வைத்துவிட்டுப் போன உன் தம்பி