கழுவ வேண்டாத பாட்டில்கள்

மாசி, வியாழக்கிழமை.

சித்தன்னவாசல் பக்கம் நான் பொறுக்கி வரும் பிராந்தி பாட்டில்களை அம்மாதான் கழுவித் தருவாள். ஸ்டிக்கர் கிழியாமல் திருப்பிக் கொடுத்தால் பிராந்திக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய். இன்று கடைக்காரர், “குளிப்பாட்டிக் கொண்டாரியே பாப்பா, பாட்டிலுக்கு என்ன கல்யாணமா? அப்படியே கொண்டா” என்றார். அம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம் என்று சொல்ல ஓடிவந்தேன்.

கொல்லையில் அம்மா, காலையில் நான் பொறுக்கி வந்ததில் ஒவ்வொரு பாட்டிலாக டம்ளரில் கவிழ்த்து, அடியில் நின்ற மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடக்கென்று குடித்தாள். என்னைப் பார்த்ததும், “ஒடம்பு வலிடி. அப்பாகிட்ட சொல்லிராத” என்றாள்.

கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இத்தனை நாளும் நான்தானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

“காலையில வெள்ளன போடி” என்று சாக்கை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.