ஸ்டெல்லாவின் நோட்டில் இருந்த காலம்

அன்புத் தங்கை ஸ்டெல்லாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் ஆய்வகக் குளிர்பெட்டி மேல் ஒட்டிய சீட்டுகள்தான். முழுக் கடிதம் இதுவே முதல். பதில் வராது என்பது ஒரு குறையில்லை. ஆய்விதழ்களுக்கு எழுதிப் பழகியவன் நான்.

பெரம்பலூரில் நம் ஆய்வகத்தில் உன் மேசையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிடக் குறைவாகப் பேசுகிறது, அதிகமாக மக்கர் செய்கிறது. சொல்ல வந்தது அதுவல்ல. உன் ஆய்வு நோட்டை வரதராசன்பேட்டையில் உன் அப்பாவிடம் கொடுத்தேன். நினைவுக்கு இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் அதைப் படிக்கவும் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். 'காலம் பலவீனமாகிவிட்டது' என்று ஒரு பக்கத்தில் இருக்கிறதாம். 'காலம் இன்னும் இரண்டு நாள்தான் தாங்கும்' என்று இன்னொரு பக்கத்தில்.

"செவ்வாக்கிழம எழுதியிருக்கா தம்பி. வெள்ளிக்கிழம போயிட்டா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பிறகு உன் அம்மா சொன்னார். தூணுக்கும் பத்திக்கும் ஆங்கிலத்தில் உள்ள 'column' என்ற சொல்லைத்தான் நாம் ஆய்வகக் குழாய்க்கும் வைத்திருக்கிறோம். அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் காலம் என்று வந்து நிற்கிறது. இதைப் போனில் எப்படிச் சொல்வது?

விரல் நீள எஃகுக் குழாய் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன்.

நுரையீரல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது, இழுப்பு மருந்து அதைப் பற்றித்தான் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது என்று அவரிடம் ஆரம்பித்தேன். புரதத்தைத் தனியே பிடுங்கினால் உருக்குலைந்துவிடும். அதனால் சவ்வோடு சேர்த்து மணல் போன்ற பொடியில் பூசி, இந்தக் குழாயில் அடைத்து, ஒரு முனையில் ஆடாதொடைச் சாற்றை விடுகிறோம். புரதத்தோடு ஒட்டுறவு இல்லாதவை விறுவிறுவென்று வெளியேறிவிடும். ஒட்டுறவு உள்ளது தயங்கிப் பின்னால் வரும். நாம் தேடும் மருந்து அதில் இருக்கலாம். பூசிய சவ்வு சில நாளில் கழன்றுவிடும். நீ எழுதிய இரண்டு நாள் கணக்கு அதுதான்.

அவர் குழாயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"குழாய்னு எழுதக் கூடாதாப்பா?"

எழுதலாம் என்றேன்.

"இங்கிலீஷ்ல எழுதாத, தமிழ்ல எழுதுன்னு சொன்னவன் நான்தான்."

சிரித்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். உனக்குக் காய்ச்சல் கண்ட புதன்கிழமை. ஒரே வரி. 'காலம் போதவில்லை.'

"இதுவும் குழாதானா தம்பி?"

"குழாதாங்கய்யா" என்றேன்.

நோட்டை மூடினார். என்னையும் உட்காரச் சொல்லி, உன் அம்மாவிடம் இலை போடச் சொன்னார். இரண்டாம் முறை சோறு வாங்கினார். நம்பினாரா, நம்பியதாக என்னை நினைக்கவிட்டாரா?

எனக்கே தெரியாத ஒன்றை அவ்வளவு வேகமாக எப்படிச் சொன்னேன் ஸ்டெல்லா? குழாயிலிருந்து எது எப்போது வெளியேறியது என்று காட்டும், அன்று நீ எடுத்த வரைபடத்தைப் பார்த்தேன். பின்னால் வந்த இரண்டு மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. குழாய் நீளம் போதாவிட்டால் அப்படித்தான் வரும். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும் என்று நம் ஆய்வு வழிகாட்டி கேட்டதும் அந்த வாரம்தான். அவகாசம் போதவில்லை என்றும் நீ எழுதியிருக்கலாம். மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கிறது. அதை யோசிக்க ஆரம்பித்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் இரு மடங்கு நீளக் குழாயை அடைக்கிறேன். மேடுகள் பிரிந்தால் நான் உன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னதாக வைத்துக்கொள்வேன். அது நிரூபணம் ஆகாது என்று நீ சொல்வாய், தெரியும். பிரியாவிட்டால், எனக்குத் தெரியாது ஐயா என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டு எழும்வரை பக்கத்திலேயே இருப்பேன். இது சத்தியம்.

நீ அண்ணே என்று கூப்பிட்டும், பேச்சை மட்டும் ஒருநாளும் நீ கேட்காத,
உன் அண்ணன்
சேகர்