நிறைந்திருந்த போத்தல்கள்

கொழும்பு,
10.1.1938

அன்புள்ள அக்கா,

நலம். நான் வழக்குப் பார்க்கும் கம்பனியின் மலேரியாக் குளிசைக்கான பதினான்கு வருட ஆக்கவுரிமை பங்குனியில் முடிகிறது. தாவூது என்னும் வியாபாரி அதே குளிசையைக் காற்பங்கு விலைக்கு விற்கக் காத்திருக்கிறார். உரிமையை மேலும் ஐந்து வருடம் நீட்டும்படி கோட்டில் நீதியரசரிடம் கேட்டிருக்கிறோம். நாட்டில் குளிசைக்குத் தட்டுப்பாடில்லை என்று காட்டவேண்டும். மருந்துச்சாலை நடத்தும் நீங்கள், இத்துடன் வரும் ஆங்கில வரைவில் ஒப்பமிட்டு ஒரு சத்தியக் கடதாசி தந்தால் போதும்.

உங்கள் தம்பி,
அமிர்தநாயகம்

விடத்தல்தீவு,
17.1.1938

அன்புள்ள தம்பி,

நத்தார்ப் பண்டிகைக்கு வராதவனுக்குத் தை மாதத்திலாவது அக்காவின் நினைவு வந்தது. கடதாசி இத்துடன் வருகிறது. எங்கள் அலுமாரியில் இந்தக் குளிசைப் போத்தல் ஒருநாளும் வெறுமையானதில்லை என்று எழுதியிருக்கிறேன்; அது உண்மை. உன் ஆங்கில வரைவில் மூன்று பிழைகள். சென்னையில் பட்டம் பெற்றவளிடம் ஒப்பம் மட்டும் கேட்கலாகாது. முழுவதையும் திருத்தி எழுதினேன்.

உன் அக்கா,
லூசியா

விடத்தல்தீவு,
24.4.1938

அன்புள்ள தம்பி,

உரிமை நீண்ட செய்தியைப் பத்திரிகையில் கண்டேன். நீதியரசர் என் வாக்கியத்தை எடுத்துக்காட்டியிருந்தார். மருந்துக்கு வந்திருந்தவர்களுக்கு அதைத் தமிழில் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒருகாலத்தில் என்னிடம் படித்த உம்மு ஸல்மாவும் அவர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போத்தல் எப்பிடி ரீச்சர் முடியும்? விலையைக் கேட்டிட்டுத் திரும்பிப் போறனாங்கள்தானே. போன மாசம் என்ரை மகளும் காய்ச்சலிலை மௌத்து. உங்களுக்குத் தெரியாதே?"

செத்துப்போன அந்தப் பிள்ளை விலை கேட்டுத் திரும்பியபோது நான்தான் அலுமாரியைப் பூட்டினேன். வெட்கத்தில் என்னால் எவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கடதாசியைத் திரும்பப் பெற வழி சொல்.

லூசியா

கொழும்பு,
2.5.1938

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியது பொய்யல்ல. போத்தல்கள் ஏன் முடிவதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் அதை எழுதக் கேட்டேன். இப்போது நீங்கள் மாற்றிச் சொன்னால் என் தொழில் போய்விடும். கும்பிட்டுக் கேட்கிறேன், பேசாமல் இருங்கோ.

அமிர்தநாயகம்

விடத்தல்தீவு,
9.5.1938

தம்பி,

நீ தெரிந்து கேட்டாய். நான் விசாரியாமல் எழுதினேன். என் குற்றம் சிறிதென்று நான் நினைக்கவில்லை. தாவூது அப்பீல் செய்கிறார். அவருடைய வழக்கறிஞருக்கு, விலையால்தான் போத்தல்கள் முடியவில்லை என்று சொல்லும் இரண்டாவது சத்தியக் கடதாசியையும் உன் கடைசிக் கடிதத்தையும் அனுப்பிவிட்டேன். அதனால் உனக்கு என்ன நேரும் என்று அறிவேன்.

ஒப்பமிடுமுன் அந்தக் கடதாசியை உம்மு ஸல்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "ஓம், சரி" என்றாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். அவள் இருக்காமல் நின்றாள்.

லூசியா