எண்ணெய் ஊறிய கடைசித் தாள்

என் அருமை அண்ணிக்கு, சிதம்பரம் பஸ்ஸில் எப்படியாவது ஜன்னலோரம் பிடித்துவிடும் உங்கள் கலா எழுதுவது.

முடிவு தெரிந்துவிட்டது அண்ணி. ‘தொலைவானம்’ கடைசிப் புத்தகத்தின் கடைசித் தாளைப் பிரித்துவிட்டோம். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் “சொல்லாத, சொல்லாத” என்று காதைப் பொத்திக்கொண்டிருப்பீர்கள். அதனால் உடனே சொல்லப் போவதில்லை, ஒழுங்காக முதலிலிருந்து வருகிறேன். இந்தக் கடிதத்தைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டுமில்லையா?

2010 மழைக்காலம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டிக்குள் ஏறினால் சீட்டெல்லாம் ஈரம். கீழே விரித்து உட்கார ஒரு பேப்பர் வாங்கலாம் என்று இறங்கினேன். கடையில் தினசரி எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கைக்கு அகப்பட்டது ஒரு புது காமிக்ஸ், ‘தொலைவானம்’ முதல் புத்தகம். அட்டையில் கண்ணைத் திறந்தபடி ஒரு பெண், அவளுக்குப் பின்னால் கருப்பாக வானம். அவள் முகத்தின் மேல் உட்கார எனக்கு மனசு வரவில்லை. நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். புதுச்சத்திரம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் அதை மேஜை மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நீங்கள் அந்த அட்டைப் பெண் இமையாளோடு விண்வெளியில் இருக்கிறீர்கள். பகலெல்லாம் ரத்தப் பரிசோதனை லேப்பில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்காருகிறவர், நாற்பத்தைந்து வயதுக்காரர், கரண்டியைக் கையில் பிடித்தபடி காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் வந்து அடுப்பை அணைத்தார்.

அந்தக் கதைதான் எவ்வளவு எளிது. ஒரு விண்கலம். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பல வருஷத் தூக்கத்தில். அவர்களைப் பார்த்துக்கொள்ள விழித்திருப்பவள் ஒருத்தி, இமையாள். எங்கோ தூரத்தில் எதிர்த்திசையில் வரும் இன்னொரு விண்கலத்திலும் அதே மாதிரி விழித்திருப்பவள் ஒருத்தி, கயல். இருவருக்கும் சமிக்ஞையில்தான் பேச்சு. இவள் கேட்டது அவளுக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். இரண்டு கலங்களும் ஒரே ஒரு நாள் ஒன்றையொன்று கடந்து போகும். அன்றைக்காவது ஒருத்தி முகத்தை மற்றவள் பார்ப்பாளா?

இந்த ஒரு கேள்விதான் நம்மைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் முடிப்பதற்குள் நான் ஊருக்கு எடுத்து வந்துவிட்ட முதல் புத்தகத்தின் முடிவைப் போனில் உளறிவிட்டேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தீர்களே, அதற்குப் பிறகு நீங்களே ஒரு சட்டம் போட்டீர்கள். “கடைசித் தாள தனியா யாரும் படிக்கக் கூடாது. ஒண்ணா ஒக்காந்துதான் பிரிக்கணும், ஆமா.”

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கடலூரில் புத்தகத்தை வாங்குவது நான். கடைசித் தாளுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அதை முந்தின தாளோடும் பின்னட்டையோடும் சேர்த்து ஆபீஸ் ஸ்டேப்ளரால் நாலு பக்கமும் பின் அடித்துவிடுவேன். தினமும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் மஞ்சக்குப்பம் வேலைக்கு வந்துபோகும் அண்ணனின் சாப்பாட்டுப் பையில் அது ஏறும். இரண்டாம் சனிக்கிழமை நான் வருவேன். கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து, வளையலில் தொங்கும் ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு பின்னாக நெம்புவீர்கள்.

“ஏழு கழுத வயசாவுது ரெண்டு பேருக்கும்,” என்பார் அண்ணன். “ஊர்ல ஏற்கெனவே ஒரு செதம்பர ரகசியம் இருக்குது. நீங்க மாசாமாசம் புதுசா ஒண்ணு பண்றீங்க.”

“இங்க ஆகாசத்தத்தான கும்புடறாங்க? அதப் பத்திதான் நாங்களும் படிக்கிறோம், போங்க,” என்பீர்கள் நீங்கள். அவர் சிரித்துக்கொண்டே சுண்டல் வாங்கப் போய்விடுவார். ஒரு புத்தகத்தைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில்லை, தூக்கிக்கொண்டு வந்ததோடு சரி.

அந்தச் சாயங்காலங்கள் எனக்கு இப்போது நிஜமாக நடந்த மாதிரியே தெரியவில்லை அண்ணி. குளத்துத் தண்ணீரில் கோபுரம் ஆடும். நீங்கள் பக்கத்தைப் பிரிக்க மாட்டீர்கள், மூடிய தாளைத் தடவிக்கொண்டே பேசுவீர்கள். “ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடியில வச்சு பாத்தா, அதுவும் வானந்தான் கலா. அவ்ளோ இருக்குது உள்ள. யாரு எண்ணி முடிக்கிறது?” என்று ஒருநாள் சொன்னீர்கள்.

வாசகர் கடிதம் எழுதினீர்களே, அது நினைவிருக்கிறதா? விண்கலத்தில் தனியாக வேலை பார்க்கிற பெண்ணுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று கேட்டு ஒரே ஒரு வரி. அவர்கள் அதைப் பிரசுரிக்கவில்லை. ஆனால் அடுத்த புத்தகத்தில், இமையாளின் அறை மூலையில், யாரும் கவனிக்காத இடத்தில், விசில் வைத்த ஒரு சின்ன குக்கர். லேப்புக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினீர்கள். “குக்கர எவன் வேணாலும் போடுவான், உன்னாலதான் போட்டான்னு என்ன சாட்சி?” என்றார் அண்ணன். மூன்று நாள் அவருக்குக் காலையில் உப்புமாதான்.

போன வருஷக் கடைசியில் புயல் வந்தது. கடலூரில் நிற்கிற மரம் எது, விழுந்த மரம் எது என்று பார்த்துப் பார்த்து நடந்தோம். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நிழலே இல்லை. நாள் கணக்கில் கரண்டும் இல்லை. எப்படியோ லைன் கிடைத்து உங்களுக்குப் போன் செய்து, மரமெல்லாம் போய் வானம் பெரிதாகிவிட்டது என்றேன். “கேக்கவே பயமா இருக்குது. வந்து பாக்கணும்னும் இருக்குது,” என்றீர்கள்.

கடைசிப் புத்தகம் அதனால் தாமதமாக மாசியில்தான் கடைக்கு வந்தது. வழக்கம் போல நிறுத்திப் படித்து, பின் அடித்து, அண்ணன் பையில் போட்டேன். புதன்கிழமை நீங்கள் போன் செய்தீர்கள்.

“படிச்சிட்டேன் கலா. கலம் கிட்ட வந்துடுச்சு. அவுங்க ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க இல்ல?”

“சனிக்கிழம தெரிஞ்சிடும் அண்ணி.”

“கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியல. சீக்கிரம் வா.”

வியாழக்கிழமை லேப்பிலிருந்து வந்து, தலை சுத்துது என்று படுத்தீர்களாம். அண்ணன் தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டீர்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கக் கூடாதா? நாலு பின்னுக்கு அந்தப் பக்கம்தானே இருந்தது எல்லாம்?

பதினாறாம் நாள் படையலில் உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் படத்துக்கு முன்னால் வைத்தோம். மசால் வடை, சேமியா பாயசம், மாம்பழக் கலரில் ஒரு புடவை. கடைசியாக அண்ணன் உள்ளே போய், பின் அடித்தபடி இருந்த அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார்.

இனி நடந்ததைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்களா, சண்டைக்கு வருவீர்களா தெரியவில்லை. சாப்பாடு முடிந்து ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வடை மடித்துக் கொடுக்கப் பேப்பர் பற்றவில்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருந்த நம் பெரியம்மா கையில் அந்தப் புத்தகம் அகப்பட்டிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது முன்பகுதி மட்டும் மனைப்பலகை மேல் கிடந்தது. கடைசி மூன்று தாளையும் காணவில்லை.

“பெரியம்மா, இதோட கடைசிப் பக்கம் எங்க?”

“அதுவா? நல்லா கெட்டியா இருந்துச்சுடி. எண்ணெ ஒழுகாதுன்னு அதுலதான் வட வச்சுக் குடுத்தேன்.”

“யாருக்கு?”

“காடாம்புலியூர் சித்திக்கு. ஏன், வட வேணுமா ஒனக்கு?”

கெட்டியாக இருந்ததற்குக் காரணம் நான் அடித்த நாலு பின்கள்தான் அண்ணி. யாரும் திறந்து பார்த்துவிடக் கூடாது என்று நாம் காபந்து பண்ணிய தாள், காபந்து பண்ணியதாலேயே வடைக்குப் போய்விட்டது. கடையில் கேட்டேன், வேறு பிரதி இல்லை. வேறு ஊரில் தேடியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் தடவிப் பார்த்த தாள் அதுதானே? வேறொன்றைப் பிரித்தால் நான் தனியாகப் படித்ததாக ஆகிவிடாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி போய், அங்கிருந்து காடாம்புலியூர் போனேன். நீங்கள் சின்ன வயதில் லீவுக்குப் போன ஊர். முந்திரித் தோப்பு முழுக்கத் தரையோடு சாய்ந்து கிடந்தது. பலா மரங்கள் இருந்த இடத்தில் வேர்தான் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் நடந்து போனேன். தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. வேறு ஏதோ கிரகத்தில் இறங்கி, உங்களைத் தேடி நடப்பதாகவே தோன்றியது. திரும்பி வரவும் மனமில்லை.

உங்கள் சித்தி என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு வடப் பேப்பருக்கா இம்மாந்தூரம் வந்த?”

“அண்ணி இன்னும் படிக்கல சித்தி.”

அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு உள்ளே போய், அரிசி டின்னைச் சாய்த்து, அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தார்கள். “கெட்டியா இருக்குதேன்னு டின்னு துரு புடிக்காம அடியில போட்டேன். தூக்கிப் போட மனசு வரல. அவ வூட்டுப் பேப்பராச்சே,” என்றார்கள். எண்ணெயில் ஊறி, பழுப்பேறி, சோம்பு வாசனையோடு இருந்தது. நாலு பின்னும் அப்படியே இருந்தன.

நேற்று இரண்டாம் சனிக்கிழமை. அண்ணனும் நானும் குளத்துப் படிக்குப் போனோம். நீங்கள் உட்காரும் இடத்தை நடுவில் விட்டு, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் சட்டைப் பையிலிருந்து உங்கள் ஊக்கை எடுத்தார். நான் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன், கொடுக்கவில்லை. ஒவ்வொரு பின்னாக அவரே நெம்பினார்.

இப்போது சொல்கிறேன், காதைப் பொத்தாதீர்கள். தாளின் முன்பக்கத்தில் கயல் மட்டும். இடது ஓரத்தில் ஜன்னலருகே நின்று வலப்பக்கம் பார்த்துக் கையைத் தூக்குகிறாள். திருப்பினால் பின்பக்கத்தில் இமையாள் மட்டும், அதே இடது ஓரத்தில். அவளும் வலப்பக்கம் பார்த்துக் கையைத் தூக்குகிறாள். கலங்கள் கடந்துவிட்டன. ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்களா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது. கீழே ‘முற்றும்’. அவ்வளவுதான்.

இதற்கா அண்ணி இத்தனை மாதம்?

“பாத்துக்கவே இல்லியா?” என்றார் அண்ணன். இல்லை என்று தலையாட்டினேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடி இல்லாததால் வெயிலுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.

“கலா, இங்க வந்து பாரு.”

எண்ணெய் ஊறிய தாள் அண்ணி. வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் தெரிந்தது. இடப்பக்கம் கயல். வலப்பக்கம், தாளுக்குப் பின்னாலிருந்து, இமையாள் இந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கிறாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, ஒரே ஜன்னலில் நிற்பவர்கள் போலக் கையைத் தூக்கியிருந்தார்கள். வாங்கின வேறு யாருடைய புத்தகத்திலும் இந்தப் படம் இருக்காது. நம்முடையதில் மட்டும்தான் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

“அவகிட்ட சொல்லிடு,” என்றார் அண்ணன். அதனால்தான் இந்தக் கடிதம். எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு செய்தி. வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் கேட்டார், “மொத புத்தகத்த குடேன். முடிவ பாத்துட்டேன், ஆரம்பம் என்னான்னே தெரியல.” முதல் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. இன்றைக்கு அதன் கடைசித் தாளையும் பின் அடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அவர் சாப்பாட்டுப் பையில் ஏறும். போனில் முடிவை உளற மாட்டேன், இது சத்தியம். ஊக்கு அவரிடமே இருக்கட்டும். படியில் நடுவில் உங்கள் இடத்தில் எந்தச் சனிக்கிழமையும் யாரையும் உட்கார விட மாட்டேன்.

உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
நாத்தனார்
கலா
கடலூர், 2012